சலங்கை வண்டி

மோதி பாக் குவார்ட்டர்ஸில் அந்த வேன் வருகிறது என்று தெரிந்துகொள்ள யாரும் ஜன்னலைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. ரிங் ரோட்டிலிருந்து திரும்பும்போதே கேட்டுவிடும். முதலில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்குவது போல ஒரு கலகலப்பு. வேகத்தடையில் ஏறினால் பக்கவாட்டுக் கதவு ஒரு தடவை டமாரென்று அடிக்கும். இறங்கினால் உள்ளே எங்கேயோ ஒரு மரப்பலகை முனகும். காலனி சௌக்கிதார் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்து, “ஆயியே சிஸ்டர்ஜி, பாராத் வந்தாச்சு” என்பான். கல்யாண ஊர்வலம் பேண்டு வாத்தியத்தோடு வருகிறதாம். பக்கத்து பிளாக்கில் இருந்த அந்தோணி, தூத்துக்குடிக்காரர், ஓர் அரசு அலுவலகத்தில் டிரைவர், அதற்குச் சலங்கை வண்டி என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்தது.

வண்டி தட்சிணாமூர்த்தியுடையது. அவர் சர்வே இலாகா ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வெளியூர் போய் நிலம் அளக்கிறவர்கள் தங்குவதற்காக உள்ளேயே இரண்டு கட்டில், ஒரு அலமாரி, கை கழுவ ஒரு தொட்டி என்று கட்டிய பழைய வேன் ஒன்று தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் ஏலத்துக்கு வந்தது. ஒரு சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, எதையோ சாதித்த முகத்தோடு இறங்கி நின்றார். அவர் மனைவி கோமளா அப்போதுதான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, வெள்ளைப் புடவையைக்கூட மாற்றாமல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியோடு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

“என்னங்க இது?”

“வீடு.”

“இருக்கற வீடு என்ன ஆச்சு?”

“இது ஓடும் கோமு.”

“எதுக்கு ஓடணும்?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய பெட்ஷீட்டை வெட்டி வேன் ஜன்னலுக்குத் திரை தைத்ததும் அவள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மனசு எப்போது மாறியது என்று தட்சிணாமூர்த்தி கேட்கவில்லை. கேட்டிருந்தால், தைக்கிற வேலை இருந்தது, தைத்தேன் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கோமளா அப்படிப்பட்டவள். கும்பகோணத்துப் பக்கம் பிறந்து, தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு படித்து, இருபத்திரண்டு வயதில் தனியாக ரயிலேறி டெல்லி வந்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முதல் குளிர்காலத்தில் வார்டில் கை விறைத்துப் போய் ஊசி போட முடியாமல் நின்றபோது, ஒரு பஞ்சாபி நோயாளி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்ததாகச் சொல்வாள். அதைச் சொல்லும்போதும், அவருக்கு வயிற்றில் என்ன ஆபரேஷன், தையல் எப்படி ஆறியது என்பதைத்தான் விவரமாகச் சொல்வாள்.

முதல் பயணம் ஹரித்வாருக்கு. மகள் வடிவுக்கு அப்போது பத்து வயதிருக்கும். மீரட் தாண்டுவதற்குள் மூன்று பேருக்கும் தலைவலி. அலமாரிக் கதவு ஒரு தாளம், கட்டில் ஒரு தாளம், ஜன்னல் கண்ணாடி ஒரு தாளம். கங்கைக் கரையில் போய் நின்றபோதுகூடக் காதில் வண்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்ததும் தட்சிணாமூர்த்தி சத்தங்களைப் பிடிக்க ஆரம்பித்தார். அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது.

வண்டி ஓட்டுகிறவனுக்குச் சத்தம் பொய் சொல்லும் என்பார் அவர். பின்னால் வருவது பக்கத்தில் கேட்கும், கீழே இருப்பது மேலே கேட்கும். அதனால் அவர் ஓட்ட வேண்டும், கோமளா பின்னால் கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கிற டம்ளர், தட்டு, குக்கர் எல்லாவற்றையும் முதலில் வீட்டில் இறக்கிவிட வேண்டும். வெறும் வண்டியைக் குண்டும் குழியுமான சாலையில் மெதுவாக உருட்ட, அவள் சத்தம் வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். கை வைத்ததும் நின்றுவிட்டால், அங்கேதான் கோளாறு. வயிற்றுவலிக்காரரைத் தொட்டுப் பார்க்கிற அதே வேலைதான் என்பதால் கோமளாவுக்கு இது சுலபமாக வந்தது. டிரைவர் சீட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

“வலிக்குதா?” என்று அவர் கேட்பார்.

“வலது பக்கம், மேல் கீல். பிரேக் போட்டா மட்டும் வலிக்குது.”

“நாள்பட்டதா, புதுசா?”

“நாள்பட்டது. போன டாக்டர் சரியில்ல.”

போன டாக்டரும் அவர்தான்.

அப்புறம் வைத்தியம். பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இரண்டு தகடுக்கு நடுவே செருகுவார். வடிவுக்குச் சிறிதாகிப்போன ஸ்கூல் கோட்டை நறுக்கி அலமாரிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார். பூட்டுக்குள் பென்சில் கரியை நுணுக்கி ஊதுவார். வெள்ளை மெழுகுவர்த்தியை எடுத்து இழுப்பறையின் அடியில், குழந்தைக்கு விபூதி பூசுவதைப் போல, பொறுமையாகத் தேய்ப்பார். ஒரு சத்தம் நின்றால், அதுவரை அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்க ஆரம்பிக்கும். அதற்காக அவர் சலித்துக்கொண்டு கோமளா பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

ஒரே ஒரு தடவைதான் அவர் நிஜமாகக் கோபப்பட்டது. ஒரு டிசம்பர் லீவில் ஜெய்ப்பூர் போகும் வழியில், அலமாரிக் கீல் கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. கோமளா கைப்பையில் இருந்த தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்து நாலு சொட்டு விட்டாள். சத்தம் நின்றது. மறுநாள் காலையில் அலமாரி திறக்கவில்லை. காப்பிப்பொடி, சர்க்கரை, அடுப்புப் பற்றவைக்கிற தீப்பெட்டி எல்லாம் உள்ளே.

டெல்லித் தமிழர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. தீபாவளி கழிந்தால் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் வெள்ளைக்கட்டியாக உறைந்துவிடும். காலையில் ஒவ்வொரு பால்கனிச் சுவரிலும் ஒரு புட்டி வெயில் காயும். அது உருகுவதற்காகத் தலைவிரி கோலமாகக் காத்திருக்கிற பெண்களைப் பார்த்தே எது தமிழ் வீடு என்று சொல்லிவிடலாம். தெரிந்தும் கோமளா அதை ஊற்றியிருந்தாள்.

“என்னாத்தப் போட்ட?” என்றார் தட்சிணாமூர்த்தி.

“எண்ணெதான்.”

“எந்த எண்ணெ?”

“தலைக்குத் தடவறது.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். “இங்க பாரு கோமு. இரும்புக்கு கிரீஸு. மரத்துக்கு மெழுகுவத்தி. ரப்பருக்கு பவுடரு. தேங்காண்ணெ தலைக்கு மட்டும்தான். ஒன் தலைக்கு. வண்டி தலைக்கு இல்ல.”

“வண்டிக்கு ஏதுங்க தல?”

“அதத்தான் நானும் சொல்றேன்!”

வடிவு சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து உருண்டாள். அதற்குப் பிறகு பல வருஷம், யாராவது எதையாவது மாற்றிச் செய்தால் அந்த வீட்டில் அதுதான் வசனம். தலைக்கு மட்டும்தான்.

தட்சிணாமூர்த்தி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸ் கோமளா பெயரில் இருந்ததால் வீடு மாற வேண்டியிருக்கவில்லை. வடிவு படித்து முடித்து குர்கானில் வேலைக்குப் போனாள். இரண்டாயிரத்து இரண்டு ஜூலையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்தியின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதைப் பார்த்ததுமே கோமளாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. அந்தோணியைக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால் மெல்ல மெல்ல வந்தது. கோலை ஊன்றி நடந்தார். வலது கை பாதி வந்தது. பேச்சு மட்டும் போனது போனதுதான். சொன்னதெல்லாம் புரிந்தது. திருப்பிச் சொல்ல அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். “அதான்.” பசித்தாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான், யார் வந்தது என்று கேட்டாலும் அதான். சொல்லிவிட்டு, தான் நினைத்தது அது இல்லை என்று தெரிந்து, வாயை மூடிக்கொள்வார். பிறகு அதையும் சொல்வது குறைந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் கெட்டிக்காரி, நல்ல மாதிரி. ஒளித்துப் பேசவில்லை. “சிஸ்டர், வரவேண்டிய பேச்சு பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துல வரும். அதுக்கப்புறமும் வரலாம். ஆனா கஷ்டம். அவர் முயற்சி பண்ணணும்” என்றாள். மாடு, குடை, ஆப்பிள் என்று படம் போட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த வடிவு, தமிழைவிட இந்தி சரளமாக வருகிறவள், மாட்டுப் படம் போட்ட அட்டையைக் காட்டினாள். “அப்பா, யே க்யா ஹை? சொல்லுங்கோ. கா... காய்... அம்மா, இதுக்குத் தமிழ்ல என்ன?”

“பசு மாடுடி.”

“அச்சா, பசு. அப்பா, ப... ப...”

தட்சிணாமூர்த்தி அட்டையை வாங்கி, கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாற்பது வருஷம் இன்ஜினைப் பிரித்து மாட்டியவரிடம் மாடு காட்டினால் வேறென்ன செய்வார்? கோமளா வார்டுகளில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள். பேச்சு வராமல் ஊமையானவர்கள் கொஞ்சம். தப்பாக வருமே என்று வெட்கப்பட்டு ஊமையானவர்கள்தான் அதிகம். தன் புருஷன் அந்த இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயம். அவர் நடக்காவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். வாயை மூடிக்கொண்ட மனுஷனை எங்கே தள்ளிக்கொண்டு போவது?

அக்டோபரில், ஓட்ட ஆளில்லாமல் நின்ற வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள். கரோல் பாக்கில் ஒரு சமையல் கான்ட்ராக்டர், பாத்திரம் ஏற்ற வண்டி வேண்டுமென்று சொல்லியிருந்தார். அவரிடம் காட்டக் கிளம்புகிற அன்று, வண்டியின் பக்கவாட்டுக் கதவு ஓடுகிற தடம் கிறீச்சென்று கத்தியது. கிரீஸ் டப்பாவைத் திறந்தால் காய்ந்து பிசினாகியிருந்தது. கோமளா நின்று யோசிக்கவில்லை. வீட்டுக்குள் போய் தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து தடம் முழுக்க ஊற்றினாள். வாங்குகிறவர் பார்க்கிறவரைக்கும் கத்தாமல் இருந்தால் போதும். கதவு வெண்ணெயாக ஓடியது.

அந்தோணிதான் ஓட்டினார். தட்சிணாமூர்த்தி கேட்காமல் கோலை ஊன்றி வந்து, பின்னால் ஏறி, கட்டிலில் படுத்துக்கொண்டார். இறங்கச் சொன்னால் கேட்கவில்லை. சரி வரட்டும் என்று கோமளாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகம் கூரையைப் பார்த்தபடி இருந்தது.

பாதி வழியில் ஒரு குழியில் வண்டி இறங்கி ஏறியது. தலைக்கு மேலே எங்கோ டக்டக்கென்று புதிதாக ஒரு சத்தம். தட்சிணாமூர்த்தியின் கண் திரும்பியது. இடது கை உயர்ந்தது.

“அதான்!”

கோமளா எழுந்து அலமாரி மேல் கையை வைத்தாள். சத்தம் நிற்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். விளக்கு மூடியில் வைத்தாள். நின்றது. “அதான், அதான்” என்றார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவர் நினைத்ததையே சொல்லியிருந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது.

கோமளா சின்ன ஜன்னலைத் தட்டினாள். “அந்தோணி, வண்டியைத் திருப்புங்க.”

“என்ன சிஸ்டர், எதையும் மறந்துட்டியளா?”

“ஆமா. விக்கக் கூடாதுன்னு மறந்துட்டேன். திருப்புங்க.”

அதிலிருந்து அவளுக்குச் சாயங்கால டியூட்டி இருக்கிற நாளெல்லாம் காலையில், அந்தோணி ஆபீஸ் போகுமுன் ஓட்ட, சலங்கை வண்டி கிளம்பியது. இப்போது படுத்துக்கொண்டு கேட்பது அவர், கை வைப்பது கோமளா. அவள் ஒரு கண்டிப்பு வைத்தாள். கையைக் காட்டினால் பார்க்க மாட்டாள், வாயால் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே தப்பான இடத்தில் கை வைத்துவிட்டு, “இங்கியா? இல்லியா? எங்கேன்னு சொன்னாத்தானே தெரியும்?” என்று நிற்பாள். அவர் முறைப்பார், முட்டுவார், வியர்த்துவிடும். நவம்பரில் “மே” வந்தது, மேலே என்பதற்கு. அப்புறம் “கீ”. அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. டிசம்பர் பிறந்ததும் அந்த இரண்டும்கூடச் சில நாள் வந்தன, சில நாள் வரவில்லை.

அந்த வருஷம் பனிமூட்டம் கனமாக இருந்தது. வார்டில் பாதி நர்ஸ்களுக்குக் காய்ச்சல். கோமளாவுக்கு லீவே கிடைக்கவில்லை. குளிர் ஏற ஏறக் கதவு இறுகிக்கொண்டே வந்தது; கிரீஸ் வாங்கிக் கதவைத் துடைத்துப் பூச வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். வண்டி வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது. தட்சிணாமூர்த்தி குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார். “மே”யும் இல்லை, “கீ”யும் இல்லை. ஆறாவது மாதம் முடியப்போகிறது என்பது கோமளாவுக்கு நினைவிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் பனி விலகி, வெளிறிப்போன ஒரு வெயில் எட்டிப்பார்த்தது. கோமளா அவருக்கு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் மாட்டி, சால்வை போர்த்தி, பிளாஸ்டிக் நாற்காலியில் வண்டிக்கு எதிரே உட்காரவைத்தாள். அந்தோணி கதவைப் பிடித்து இழுத்தார். ஆடவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார்.

“சிஸ்டர், எவனோ வெல்டிங் வச்ச மாதிரிலா கெடக்கு?”

“பூட்டைப் பாருங்க.”

“பூட்டுலாம் தொறந்துதான் கெடக்கு. உள்ளுக்குள்ள எதுவோ புடிக்கி.”

தட்சிணாமூர்த்தி எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு வந்து, அந்தோணியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, குனிந்து கதவின் கீழ்த் தடத்தில் இடது கை விரலை விட்டார். விரலில் வெள்ளையாக, மண்ணும் தூசியும் கலந்து, உறைந்த நெய் மாதிரி ஒரு கட்டி வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு மெதுவாகத் திரும்பிக் கோமளாவைப் பார்த்தார்.

கோமளா வேப்பமரத்தைப் பார்த்தாள்.

“தே...” என்றார்.

அவள் சட்டென்று திரும்பினாள்.

“தே... தேங்...” உதடு கோணிக்கொண்டு போனது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தோணி உதவி செய்ய வாயைத் திறந்தார். கோமளா அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் இவர் விட்டுவிடுவார்.

“தேங்காண்ணெ!”

மாட்டிக்கொண்ட இழுப்பறை ஒரே இழுப்பில் வெளியே வந்து விழுந்ததைப் போல இருந்தது. அதோடு நிற்கவில்லை. “தலைக்கு! கோமு... தல... தலைக்கு! இரும்பு... இரும்புக்கு...” அங்கே முட்டிக்கொண்டது. கோலால் தரையைக் குத்தினார். “அதான்! அதான்!”

“எதுங்க? அதான்னா எது?”

“கி... கிரீஸு!”

கோமளா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். வேகமாக அடித்தது, ஆனால் சீராக இருந்தது. முகத்தைப் பார்த்தாள்; கோணல் கூடவில்லை. அப்புறம்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள். “ஆமா, நான்தான் ஊத்துனேன். அதுக்கு என்ன இப்போ?”

“என்ன இப்பவா!” என்றார் தட்சிணாமூர்த்தி.

“அண்ணாச்சி திட்டுதாவ!” அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “மாதாவே, நல்லாத் திட்டுதாவ சிஸ்டர்!”

“திட்டட்டும். நீங்க போய் அடுப்புல வெந்நி வைங்க” என்றாள் கோமளா. கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றியதும், தடத்தில் இருந்தது உருகி, மூன்று பேர் செருப்பிலும் வழிந்தது. அந்தக் குளிரில் வேப்பமரத்தடி முழுக்கத் தேங்காய் எண்ணெய் மணத்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அந்தோணி கொண்டுவந்த கிரீஸைப் பூசும்போது தட்சிணாமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு அங்குலத்துக்கும் “இங்க”, “இன்னும்” என்று அதிகாரம் செய்தார். அன்றைக்குக் கோமளா ஆஸ்பத்திரிக்கு லேட். ஏன் லேட் என்று மேட்ரன் கேட்டதற்கு, வீட்டில் சண்டை என்றாள்.

பேச்சு முழுசாகத் திரும்பி வரவில்லை. அந்தச் சலங்கை வண்டி மாதிரியேதான் இருந்தது. ஒரு சொல் ஓடும், ஒன்று மாட்டும், ஒன்று தப்பான இடத்தில் டமாரென்று விழும். ஆனால் வெட்கம் போய்விட்டது. அது போதுமாக இருந்தது. மார்ச்சில் அந்தோணி ஓட்ட, வடிவும் லீவு போட்டுவிட்டு வர, ஹரித்வார் போனார்கள். வழி நெடுக அப்பாவும் மகளும், ஒருவருக்கொருவர் கிடைக்காத சொற்களை இந்தியிலும் தமிழிலும் தேடிக்கொண்டே வந்தார்கள். வண்டியை விற்றது அதற்குச் சில வருஷம் கழித்து, கோமளா ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோதுதான். இப்போது அந்த ரோட்டில் போகிற கார்களுக்குச் சத்தமே இல்லை. நல்ல கார்கள்தான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடுகின்றன.

வண்டி இருந்தவரை கோமளாவிடம் ஒரு வைத்தியம் இருந்தது. சில நாள் தட்சிணாமூர்த்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார். காப்பியா என்றால் பதில் இருக்காது, சாப்பாடா என்றால் பதில் இருக்காது. அவள் கெஞ்ச மாட்டாள். பால்கனிச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிற புட்டியை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணில் படும்படியாக, வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பாள். வேப்பமரத்தடிக்குப் போய்ச் சேர்வதற்குள் பின்னாலிருந்து குரல் வரும்.

“கோமு!”

“என்னங்க?” என்பாள், திரும்பாமலே.

“கிரீஸு!”